ஜெர்மனியில் மென்பொருள் வேலை: வடசென்னையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு என் அனுபவம்

கொளத்தூரில் 2024-ஆம் ஆண்டு முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்ட பிறகு, வியாசர்பாடி, கொடுங்கையூர், திரு.வி.க. நகர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கிறேன். நான் 2019 முதல் 2025 வரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்று தெரிந்ததும், ஜாவா படிப்பதா பைத்தான் படிப்பதா, எந்த நாட்டில் விசா சுலபம், மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்நிய நாட்டில் என்னை வேலையில் நிலைக்கச் செய்தது, நான் அறிந்திருந்த கணினி மொழியைக் காட்டிலும், எதையும் எழுத்தில் கொண்டுவரும் பழக்கம்தான் என்பதை அவர்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது என்பதில் தொடங்கி, வேலை போகும் நாளில் கையில் என்ன காகிதம் தரப்படுகிறது என்பது வரை, வெளிநாட்டுக்காரருடைய வாழ்க்கை அங்கே எழுத்தின் மேல்தான் நடக்கிறது.

இந்தப் பழக்கம் எனக்குத் தண்டையார்பேட்டை வீட்டில் வந்தது. அப்பா ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சங்கத்தில் கடிதம் எழுதும் பொறுப்பு அவருடையது. ஓவர்டைம் பாக்கியாக இருந்தாலும், கையுறை தராமல் இழுத்தடித்தாலும், தேதி, பொருள், பார்வை, நகல் என்று முறையாக எழுதி, அலுவலகத்தில் ஒரு பிரதியைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சீல் வாங்கிவந்து பைலில் கோத்து வைப்பார். பள்ளியிலோ தாலுகா அலுவலகத்திலோ நான் ஏதாவது மனு கொடுத்துவிட்டு வந்தால், "சீல் வாங்கினியா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தொடங்கிய 2010-ஆம் ஆண்டில்தான் நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அந்தச் சான்றிதழுக்கான மனுவையும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தார். 2014-இல் படிப்பை முடித்து, தண்டையார்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறி, திருவான்மியூரில் இறங்கி ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் வேலை பார்த்த காலத்தில், இந்தப் பழக்கம் இவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாமதம் அங்கேதான் உண்டாகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், பட்டச் சான்றிதழில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். இவை எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஜெர்மன் அலுவலகத்தில் படிவத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சம்பளப் பட்டியலில், காப்பீட்டு அட்டையில், வீட்டு ஒப்பந்தத்தில் எல்லாம் ஏறும். என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்ததால், அங்கிருந்த ஆண்டுகள் முழுவதும் அலுவலகக் கடிதங்கள் அவர் பெயரைச் சொல்லியே என்னை விளித்தன. அது எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் எல்லா ஆவணங்களிலும் ஒரே வரிசையில் பெயர் இருக்கும்படி திருத்துவதை, வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வேலை உறுதியாகி விசா நேர்காணல் தேதி வந்த பிறகு பாஸ்போர்ட் சேவை மையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அலைவது வீண் பதற்றம்.

ஆவணங்களைக் காப்பதும் இதில் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் கீழ்த்தள வீடுகள் பலவற்றில் தண்ணீர் புகுந்து, மரப்பெட்டியில் இருந்த சான்றிதழ்கள் ஊறிப்போயின; நகல் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைப்பதோடு, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமித்துவைப்பதும், டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை இறக்கிக்கொள்வதும் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. பழைய நிறுவனங்களின் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு ஆகியவற்றையும் விடாமல் வைத்திருங்கள்.

விசா விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஜெர்மனியைப் பற்றித்தான். தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளர்கள் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதியான ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ளூ கார்டு, ஜெர்மனியில் 2012 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பட்டமும், குறிப்பிட்ட ஆண்டுச் சம்பளத்துக்குக் குறையாத வேலை ஒப்பந்தமும் இருந்தால் அதைப் பெறலாம். ஆட்பற்றாக்குறை உள்ள துறைகளில் ஒன்றாகத் தகவல் தொழில்நுட்பம் கருதப்படுவதால், நமக்கு அந்த வரம்பு குறைவு. 2025-இல் பொது வரம்பு 48,300 யூரோவாகவும், இத்தகைய துறைகளுக்கு 43,759.80 யூரோவாகவும் இருந்தது. இந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். பட்டம் செல்லுபடியாகுமா என்பதை அனபின் என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் பார்க்கலாம். பட்டம் தந்த கல்வி நிறுவனத்துக்கு எதிரே எச் பிளஸ் என்ற குறியீடு இருப்பதோடு, நம் பட்டமும் அங்குள்ள பட்டத்துக்கு இணையாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் அலுவலகத்துக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் 2023 நவம்பரில் ஒரு வழி திறந்தது என்பதை வடசென்னையில் நான் விடாமல் சொல்லிவருகிறேன், ஏனென்றால் பாலிடெக்னிக் முடித்தும், கல்லூரியைப் பாதியில் விட்டும், அருமையாக நிரல் (கோடு) எழுதும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் குறைந்தது மூன்று ஆண்டுகள் பட்டதாரிகளின் தரத்துக்கு ஈடான தகவல் தொழில்நுட்ப வேலை பார்த்த அனுபவமும், அந்தக் குறைந்த சம்பள வரம்பை எட்டும் ஒப்பந்தமும் இருந்தால், அவர்களும் ப்ளூ கார்டு பெறலாம். அந்த அனுபவத்தை நிரூபிப்பது நிறுவனம் தரும் கடிதம்தான். அதில் பதவிப் பெயரும் தேதிகளும் மட்டும் இருந்தால் போதாது. எந்த அமைப்பை உருவாக்கினீர்கள், எந்தத் தொழில்நுட்பங்களைப் பயன்படுத்தினீர்கள், எதற்குப் பொறுப்பாக இருந்தீர்கள் என்பது விவரமாக இருக்க வேண்டும். வேலையை விடும்போதே இப்படி ஒரு கடிதத்தை நீங்களே வரைந்து, மேலாளரிடம் கொடுத்து, நிறுவனத்தின் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டால் அந்த மேலாளரும் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.

விசா வாங்கித் தருகிறேன், வேலையும் சேர்த்துத் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுகளிடம் தயவுசெய்து பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் நேர்மையான நிறுவனம் எதுவும் வேலைக்காக உங்களிடம் பணம் கேட்காது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, போலி ஒப்பந்தத்தோடு நின்ற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் சிறு பகுதியை ஜெர்மன் மொழி படிக்கச் செலவிடலாம்.

மொழியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஏ1 என்ற தொடக்க நிலையை இங்கேயே முடித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். நுங்கம்பாக்கம் ருட்லண்ட் கேட்டில் உள்ள கெதே நிறுவனத்தில் நான் வார இறுதி வகுப்பில் படித்தேன். பெரம்பூரிலிருந்து 29சி பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால், போகும் வழியிலேயே அந்த வாரத்தின் வினைச்சொற்களைப் படித்துவிடலாம். மென்பொருள் குழுக்களில் ஆங்கிலமே போதும் என்று சொல்வார்கள். கூட்டங்களுக்கு அது போதும்தான். ஆனால் வீட்டுக்காரர், மருத்துவர், வரி அலுவலகம் ஆகியோரின் கடிதங்கள் ஜெர்மனில் வரும்; மதிய உணவு மேசையில் பேச்சு ஜெர்மனுக்கு மாறும். ப்ளூ கார்டு வைத்திருப்பவர், ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டி 27 மாதங்கள் வேலை பார்த்த பிறகு ஏ1 அளவு மொழியறிவோடு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெறலாம். பி1 என்ற இடைநிலை அளவு இருந்தால் 21 மாதங்களே போதும். வேலை போனாலும் நாட்டில் இருக்கலாம் என்ற உறுதியை அந்த அனுமதி தருவதால், அந்த ஆறு மாத வித்தியாசத்துக்காக மாலை நேரங்களைச் செலவிடுவது எல்லா வகையிலும் தகும்.

அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் வசிக்கும் முகவரியை நகராட்சியில் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதித் தரும் உறுதிக் கடிதம் தேவை. வாடகை முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. இன்னொரு சின்ன விஷயம் பெரிதாகிவிடும்: அங்கே அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் பெரும்பாலும் ஃபிளாட் எண் இருப்பதில்லை, தபால்காரர் அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். வரி எண்ணும் வங்கி அட்டையும் கடிதமாகவே வருவதால், சாவி கையில் கிடைத்த அன்றே பெட்டியில் பெயரை ஒட்டிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் குழுவில் பல நாட்டவர் இருந்தோம், கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள் ஒரு கருத்தைச் சொல்லி, மறுத்து, முடிவுக்கு வந்துவிடுவார்கள். நான் மனத்தில் வாக்கியத்தை அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் அமைதியாகிவிடுகிறார்கள். சொன்ன வேலையைச் சரியாக முடிப்பவர் என்ற நல்ல பெயர் கிடைக்கும். முடிவெடுக்கும் இடத்தில் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததும் பணத்தைப் பிடிக்கும் சேவை ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. ஆர்டர்கள் ஒரு செய்தி வரிசை (அனுப்பிய செய்திகளை, பெறும் சேவை எடுத்துக்கொள்ளும்வரை அடுக்கிவைக்கும் மென்பொருள்) வழியாக அதற்கு வரும். அத்தகைய வரிசைகள் பலவும், ஒரு செய்தியைக் குறைந்தது ஒரு முறையாவது கொண்டுசேர்ப்போம் என்ற உறுதியைத்தான் தருகின்றன. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை நடுவில் தொலைந்துபோனால், அதே செய்தி மறுபடியும் வரும். அப்படி வந்தால் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படும். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது, மிகவும் அரிதாகத்தான் நடக்கும் என்று ஒருவர் சொல்ல, பேச்சு அதோடு முடிந்தது. அன்று மாலை நான் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பத்தியில் பிரச்சினை. அதன் கீழே, ஒரே ஆர்டர் எண் சில விநாடி இடைவெளியில் இரண்டு முறை பதிவாகியிருந்த லாக் வரிகள், அதாவது சேவை தானாகக் குறித்துவைக்கும் வரிகள். அதன் பிறகு மூன்று தீர்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் வேலை. நான் எதைப் பரிந்துரைக்கிறேன், ஏன். கடைசியாக, என்ன தெரியவந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பது. ஆர்டர் எண்ணைத் தரவுத்தளத்தில் இரண்டாம் முறை பதிய முடியாதபடி யூனிக் கட்டுப்பாடு வைத்து, அந்தப் பதிவு வெற்றி பெற்ற பிறகே பணம் பிடிக்கும் கோரிக்கையை அனுப்புவதும், அந்தக் கோரிக்கையோடு அதே எண்ணை வங்கிப் பக்கத்துக்கும் சேர்த்து அனுப்புவதும் என் பரிந்துரை. கூட்டத்தில் மறுத்தவரே அந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்து, நான் யோசிக்காத ஒரு நிலையை ஓரத்தில் குறித்தார்: பதிவு முடிந்து, பணம் பிடிக்கும் முன் சேவை நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் பதில் எழுதிச் சேர்த்தோம். சில வாரங்களில் அது நடைமுறைக்கு வந்தது, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுக்கும் ஆவணங்களில் ஒன்றாகவும் ஆனது. அதன் பிறகு முக்கியமான முடிவுகளுக்கு முன்னால் என்னிடம் கருத்துக் கேட்பது வழக்கமாயிற்று.

இப்படி எழுதுவது மென்பொருள் துறையின் பழைய மரபுதான். இணையத்தின் அடிப்படை விதிகள் எழுதப்படும் ஆர்.எஃப்.சி. (ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்) வரிசையின் முதல் ஆவணத்தை 1969 ஏப்ரலில் எழுதிய ஸ்டீவ் குரோக்கர் அப்போது பட்டமேற்படிப்பு மாணவர். கருத்துக் கேட்கிறோம் என்ற பணிவான தலைப்பில்தான் அந்த வரிசையே தொடங்கியது. ஒரு முடிவு எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது, என்ன முடிவு, அதன் விளைவுகள் என்ன என்பதைச் சிறு குறிப்பாக நிரலுடனேயே சேமித்துவைக்கும் முறையை 2011-இல் மைக்கேல் நைகார்டு விளக்கி எழுதினார். இந்த முறையைக் கற்றுக்கொள்ள வேலையில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி ப்ராஜெக்டிலேயே, தரவுத்தளங்களில் ஏன் போஸ்ட்கிரெஸ் தேர்ந்தெடுத்தோம், மோங்கோவை ஏன் விட்டோம் என்று அரைப் பக்கம் எழுதிப் பழகலாம். நேர்காணலில் அந்த அரைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

ஒருவர் எழுதிய நிரலைக் குழுவில் மற்றவர் படித்துக் கருத்து எழுதும் கோடு ரிவ்யூவிலும் நம் வளர்ப்பு சற்று இடிக்கும். மூத்தவர் எழுதியதில் குறை சொல்லக் கூடாது என்ற தயக்கம் நமக்கு உண்டு. அங்கே நிறுவனத்தில் மூத்தவரையும் பெயர் சொல்லி அழைத்து, இந்த வரி எனக்குப் புரியவில்லை என்று எழுதுவது சாதாரணம். நம் நிரலைப் பற்றி அப்படி எழுதப்பட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குக் காரணத்தோடு பதில் எழுதுங்கள். மாற்றச் சொன்னதெல்லாம் சரி என்று மாற்றிவிடாமல், உங்கள் தேர்வு சரியென்றால் ஏன் சரி என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பேன். ஆண்டு மதிப்பீட்டின்போது சம்பள உயர்வு கேட்க அது போதுமான ஆதாரமாக இருந்தது. வேலையை விட்டுச் செல்லும்போது, செய்த பணியையும் அதன் தரத்தையும் குறிப்பிடும் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது ஜெர்மனியில் தொழிலாளரின் சட்ட உரிமை. அடுத்த நிறுவனம் அதன் சொற்றொடர்களை மதிப்பெண் போலப் படிக்கும். நல்ல மேலாளர் ஒருவர் குழுவை விட்டுப் போகிறார் என்று தெரிந்தால், இடைக்காலச் சான்றிதழ் ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை இழப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023-இல் உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது, கொடுங்கையூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் இரவில் எனக்குப் போன் செய்து, "அண்ணா, மெயில்ல வேலை போச்சுன்னு அனுப்பிட்டாங்க, நாளைக்கே ஊருக்குக் கிளம்பணுமா?" என்று கேட்டார். கிளம்ப வேண்டியதில்லை. ஜெர்மன் சட்டப்படி பணிநீக்கம் மையில் கையெழுத்திட்ட காகிதமாகத்தான் வர வேண்டும்; மின்னஞ்சல் செல்லாது. காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அந்தக் கெடு தாண்டினால் நீக்கம் செல்லுபடியாகிவிடும் என்பதால் நாளைத் தள்ளக் கூடாது. ஆறு மாதங்களுக்கு மேல் பணியாற்றி, பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால், தக்க காரணமின்றி நீக்க முடியாது. வேலை முடியப்போவது தெரிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைவான அவகாசமே இருந்தால், தெரிந்த மூன்று நாளுக்குள் பதிய வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே வேலை முடிகிறது என்பதைக் குடியேற்ற அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முந்தைய 30 மாதங்களில் 12 மாதமாவது வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால், நிகரச் சம்பளத்தில் சுமார் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். அந்தத் தம்பி அன்றிரவே இவற்றை ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டார். வழக்கறிஞர் மூலம் பேசி, இழப்பீட்டோடு வெளியேறி, வேறு நிறுவனத்தில் சேர்ந்து இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

குடும்பத்தோடு செல்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் கணவரோ மனைவியோ முன்கூட்டி ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை, வந்த நாள் முதல் எந்த வேலையும் பார்க்கலாம். என் மனைவி அங்கே பி1 முடித்து, கணக்கியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மியூனிக் எங்களுக்கு ஊராயிற்று. பெற்றோரின் உடல்நிலை காரணமாக நாங்கள் திரும்பினோம். அந்த முடிவை மனநிறைவோடு எடுத்தோம்.

திரும்பி வருபவர்கள் அங்கே கட்டிய ஓய்வூதியப் பணம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். சம்பளத்தில் 18.6 சதவீதம், பாதி நாமும் பாதி நிறுவனமுமாக, அதற்குச் செலுத்தப்படுகிறது. ஓய்வூதியம் பெற 60 மாதப் பங்களிப்பு தேவை. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்ததால், அந்த 60 மாதங்களைக் கணக்கிடும்போது இங்கே கட்டிய காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டைவிட்டுக் கிளம்பும் முன், அதுவரையிலான பங்களிப்பு விவரத்தை ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்திடம் கடிதமாகக் கேட்டு வாங்கி, மாதங்கள் விடுபட்டிருக்கின்றனவா என்று சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் அங்கே இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம்.